பதினோராயிரத்து நானூற்றுப் பதிமூன்று

வலது கை கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளியது. இடது கை தூரிகையால் பித்தளைத் துகளை ஒதுக்கியது. கட்டர் கிறீச்சிடாமல் இறங்கி, அரிசி அகலத்துக்கு ஒரு பள்ளத்தை அறுத்து மறுபக்கம் வெளியே வந்தது. கைகள் பின்வாங்கின. துளைத்தட்டில் குத்தியிருந்த ஊசியைத் தூக்கி அடுத்த துளையில் இறக்கின. மிச்சத் துகளை வாய் ஊதியது. "தொண்ணூத்தெட்டு" என்றது அதே வாய்.

காகித ஆலை ஒன்றுக்கான சக்கரம். நூற்றொரு பல். அந்த எண்ணுக்குக் கடையில் துளைத்தட்டு கிடைக்காது. நீளக் காகிதப் பட்டையை நூற்றொரு சமபாகமாகக் குறித்து, உருளையில் ஒட்டி, அதைப் பார்த்து ஒவ்வொரு துளையாகப் போட்டுத் தட்டையும் அவரே செய்திருந்தார். இந்த வேலையில் கடைசிப் பல்தான் நீதிபதி. ஒவ்வொரு துளையிலும் மயிரிழை தப்பினாலும் போதும், அத்தனையும் சேர்ந்து கடைசிப் பல்லில் வந்து நிற்கும். ஒன்று அது ஒல்லியாகப் பிறக்கும், இல்லாவிட்டால் தடியாக.

"தொண்ணூத்தொம்பது."

ஊரில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். பட்டறை வாசலில் "இங்கே பல் வெட்டித் தரப்படும்" என்று ஒரு பலகை தொங்குகிறது. வருஷத்துக்கு ஒருத்தராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். லேத்தைப் பார்த்ததும் வலி போய்விட்டது என்று சொல்லித் திரும்பி ஓடுவார். பலகையை எழுதியவன் அவருடைய தம்பி. வேண்டுமென்றே "சக்கரம்" என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதியிருந்தான். தம்பி பட்டறையை விட்டுப் போய்ப் பதினேழு வருஷமாகியும் அவர் பலகையை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "மழையில நனையாம இருக்கு, இருக்கட்டும்" என்பார்.

"நூறு."

ஊசியைத் தூக்கினார். பாக்கி ஒரே பள்ளம். "அதோட ஒண்ணு" என்று சொன்னார், தனக்குத்தானே. சொன்ன வாய் மூடவில்லை. கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. நாற்பது வருஷத்தில் கடைசிப் பல்லுக்கு முன்னால் அவர் பொறியை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

அந்தக் கை ஏன் நின்றது என்று சொல்வதானால், முதலில் அந்தப் பட்டறையின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல்சக்கர வேலையில் பாதி உலோகத்தில், பாதி எண்ணில். ஒரு திருகு ஒரு சுற்றுச் சுற்றினால், அதோடு சேர்ந்த சக்கரம் ஒரு பல் நகரும். நாற்பது பல் சக்கரம் என்றால் திருகின் நாற்பது சுற்றுக்கு ஒரு தடவை திரும்பும். அந்தச் சக்கரத்தின் தண்டில் இன்னொரு திருகை வைத்து, அதற்கு ஐம்பது பல் சக்கரம் போட்டால், இரண்டாயிரம் சுற்றுக்கு ஒரு தடவை. வாடிக்கைக்காரர் ஒரு பெரிய எண்ணைக் கொண்டுவந்து போடுவார். அதை இரண்டு சின்ன எண்ணாக உடைத்துக் கொடுப்பதுதான் தொழில். பட்டறைப் பொறியில் நூற்றுமுப்பது பல்லுக்கு மேல் இடமில்லை. ஆகவே எந்த எண் உடையும், எதெதாக உடையும் என்று தெரியாமல் யாரும் பித்தளையைத் தொட மாட்டார்கள்.

அதற்குத்தான் நோட்டு. பழைய பட்டறை முதலாளி பத்தாயிரம் வரைக்கும் ஒவ்வொரு எண்ணையும் வகுத்துப் பார்த்து எழுதிவைத்தது. எண்களுக்கு அதில் சாதி பிரித்திருந்தார். சின்னச் சின்னத் துண்டாக நொறுங்குகிற எண் "பொடி". ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாதது "கல்". உடையும், ஆனால் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட கல் ஒன்று வயிற்றுக்குள் கிடக்கும் என்றால் "கல் விழுங்கினது". பொடி வந்தால் முகம் மலர வாங்கிக்கொள்ளலாம். மற்ற இரண்டும் வந்தால் பக்கத்தில் இருக்கிற பொடியைத் தேடிப் போக வேண்டும். அதற்குப் பக்கத்து எண் வைப்பது என்று பேர். எல்லாப் பட்டறையிலும் நடக்கிறதுதான். கொஞ்சம் தப்பும், வாடிக்கைக்காரரிடம் சொல்லிவிட்டு வைப்பார்கள்.

முதலாளிக்குப் பிறகு பட்டறையும் நோட்டும் இவருக்கு வந்தன. இவர் படித்தது எட்டாவது. ஆனால் எண் என்றால் பைத்தியம். மூன்று வருஷம், சாயங்காலம் தோறும் உட்கார்ந்து, நோட்டைப் பத்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை நீட்டினார். முதல் பக்கத்தில் முதலாளி எழுதிவைத்திருந்த விதிப்படியே செய்தார்: "இரண்டிலிருந்து தொண்ணூற்றேழு வரை உள்ள கற்களால் வகுத்துப் பார். அதற்குள் உடையாவிட்டால் அது கல்." ஒரு எண்ணைக்கூட அவர் தாண்டிப் போகவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி, "உங்க வீட்டுல எனக்கு முன்னாடியே ஒருத்தி இருக்கா போலிருக்கே" என்றாள். அந்த நோட்டைத்தான் சொன்னாள்.

தம்பி வேறு மாதிரி. கை சுத்தம், வேலை துல்லியம், வாய் மட்டும் சும்மா இருக்காது. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். தான் வெட்டிய சக்கரத்தில் சின்ன முக்கோணம் ஒன்றைக் குத்திவைப்பான். அண்ணனுடைய அடையாளம் வட்டம். நோட்டை அவன் படித்ததைவிட வாயால் சொல்லிப் பார்த்ததுதான் அதிகம்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஆற்று முகத்துப் படகுத் துறையிலிருந்து ஒரு வேலை வந்தது. துறைக்கு நீரேற்றக் கடிகாரம் வேண்டும். தண்ணீர் ஏறி, வற்றி, மறுபடி ஏறுவதற்குள் முள் ஒரு சுற்று வர வேண்டும். முள்ளைப் பார்த்துத்தான் படகோட்டி மணல் திட்டின் மேல் போகலாமா கூடாதா என்று முடிவு பண்ணுவார். மோட்டார் தயாராக இருந்தது. அது 11,413 சுற்றுச் சுற்றுகிற நேரத்தில் முள் சரியாக ஒரு சுற்று. பெட்டிக்குள் இரண்டு சக்கரத்துக்குத்தான் இடம்.

நோட்டைப் பிரித்தார்கள். 11,413க்கு நேரே அண்ணன் கையெழுத்தில் "கல்".

தம்பி நோட்டின் மேல் குனிந்தான். "அண்ணே, இது கல்லு மாதிரி தெரியலையே."

"என்ன போட்டிருக்கு?"

"கல்லுன்னுதான் போட்டிருக்கு. போட்டது நீதானே."

"அப்புறம் என்ன?"

"இல்லண்ணே, வாயால சொல்லிப் பாரு. பதினோராயிரத்து முந்நூறு, அதோட நூத்திப் பதிமூணு. ஒரே ஆளு ரெண்டு தடவை உள்ள வந்த மாதிரி இல்ல?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஆளு தெரியும். போடா, போய்ப் பக்கத்து எண்ணைப் பாரு."

பக்கத்திலும் வசதியாக ஒன்றும் இல்லை. 11,412 வயிற்றில் 317. 11,414 வயிற்றில் 439. 11,411 தானே ஒரு கல். இப்படி இறங்கி இறங்கி 11,408இல் வந்து நின்றார்கள். நல்ல பொடி. நாலு இரண்டுகள், ஒரு இருபத்து மூன்று, ஒரு முப்பத்தொன்று. சேர்த்துக் கட்டினால் 92 பல் ஒன்று, 124 பல் ஒன்று. ஐந்து சுற்று குறைகிறது. முள் வாரத்துக்கு ஏறக்குறைய நாலரை நிமிஷம் முந்தி ஓடும். திங்கள்தோறும் முள்ளைப் பின்னால் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். தம்பி வெட்டினான், முக்கோணம் குத்தினான், துறைக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான்.

"தள்ளி வைக்கணும்னு சொன்னியா?" என்று கேட்டார் அண்ணன்.

"சொன்னேன்."

மாட்டிய ஆறாவது வாரம், கடிகாரம் இருபத்தாறு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. திட்டின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது என்று முள் காட்டியது. ஏறவில்லை. காலைப் படகு மணலில் முட்டி நின்றது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண், கையில் தையல் கூடையோடு, முன்னால் சரிந்து படகின் இரும்பு விளிம்பில் தலை இடித்தாள். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

துறை அலுவலக அறையில் விசாரணை நடந்தது. ஜன்னலோரம் அந்தப் பெண்ணின் புருஷன் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிற ஊழியர், "யாரும் என்கிட்ட எதுவும் சொல்லலீங்க" என்றார். தம்பி, "சொன்னேன்" என்றான். எழுத்தில் ஒன்றும் இல்லை. விசாரிக்க வந்தவர் பல்லுக்காரர் பக்கம் திரும்பினார். பட்டறை உங்களுடையது. எண்ணைத் தப்பாகப் போட்டீர்களா, இல்லை ஆள் தப்புப் பண்ணினாரா?

எண் தப்பென்றால் நோட்டு தப்பு. நோட்டு தப்பென்றால் மூன்று வருஷச் சாயங்காலமும் தப்பு. அப்படியெல்லாம் யோசித்து அவர் பேசவில்லை; வாய் தானாகச் சொன்னது. தம்பியைப் பார்க்காமல் சொன்னது.

"எண்ணு மேல தப்பு இல்லீங்க. ஆளு மேலதான்."

"வேலைக்காரரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். மறுநாள் தம்பி வரவில்லை. அவனுடைய அரங்களும் முக்கோண அச்சும் மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. நாலு தெரு தள்ளி ஒரு சிமெண்ட் கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் இரண்டு இழவு வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு தடவையும் ஆளுக்கொரு மூலை.

இப்போது பட்டறையில், கடைசிப் பல்லுக்கு முன்னால் நின்ற பொறியின் பக்கத்தில், பல்லுக்காரர் சாக்கட்டியை எடுத்தார். மேசை இரும்பில் எழுதினார். நூறு தடவை நூற்றுப் பதிமூன்று: பதினோராயிரத்து முந்நூறு. அதோடு ஒரு தடவை நூற்றுப் பதிமூன்று. கீழே கோடு போட்டுக் கூட்டினார்.

ஒரே ஆள்தான். நூறு தடவையும், அதோடு ஒரு தடவையும். 101 பல் ஒன்று, 113 பல் ஒன்று. இரண்டும் பொறியில் அடங்கும். பெட்டியிலும் அடங்கும். பக்கத்து எண்ணே வேண்டாம், முள்ளைத் தள்ளவே வேண்டாம். தம்பி பாதி வாக்கியத்தில் விடையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஓர் எண் இரண்டாக உடையுமானால், சின்னத் துண்டு ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. போனால் இரண்டையும் பெருக்கும்போது எண்ணே தாண்டிவிடும். பத்தாயிரத்துக்கு அந்த அளவு நூறு. ஆகவே முதலாளி தொண்ணூற்றேழோடு நிறுத்தினார்; அவருக்கு அது போதும். இவர் எண்ணை மட்டும் நீட்டினார், வகுக்கிற கற்களை நீட்டவில்லை. 101, 103, 107, 109. இந்த நாலையும் தொடவே இல்லை. விதியை எடுத்துக்கொண்டவர் அந்த விதி எதுவரைக்கும் செல்லும் என்று கேட்கவில்லை. நோட்டில் ஒருமுறை எழுதியதை யாரும் மறுபடி வகுப்பதில்லை, அதற்காகத்தானே நோட்டே.

பத்தாயிரத்துக்கு மேல் அவர் "கல்" என்று எழுதியிருந்தவை இருநூற்று இருபத்தொன்று. மூன்று நாள், வேறு வேலை தொடாமல், அத்தனையையும் அந்த நாலு கல்லால் வகுத்தார். இருநூற்றொன்பது கல்லாகவே நின்றன. பன்னிரண்டு உடைந்தன. பன்னிரண்டும் ஒரே மாதிரி: கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு கல், வேறொன்றும் கிடையாது. முதலாளியின் சாதிப் பிரிவில் இவற்றுக்கு இடமே இல்லை. அவர் "கல்" என்பதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு இடத்திலும் "ஜோடி" என்று எழுதினார். கடைசியாக 11,413. அங்கே மட்டும் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்காமல் மனைவியிடம் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப போய்ப் பாருங்க. சீக்கிரமா போங்க."

"என்ன சீக்கிரம்?"

"உங்களுக்குத் தெரியாதுல்ல. நெஞ்செல்லாம் சிமெண்ட் தூசியாம். படுத்த படுக்கையா கெடக்காரு. டாக்டரு நாளைக் கணக்குல சொல்லிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை போய்ட்டுத்தான் வரேன். பதினேழு வருஷமா. காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு நாலு மணி நேரம் கழிச்சு வருவேனே, ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தீங்களா? ஊருல இருக்கிற எல்லாத்தையும் எண்ணுவீங்க."

மறுநாள் மத்தியானம் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். தம்பி மனைவி கதவைத் திறந்து, "வாங்க மாமா, அக்கா போன்ல சொன்னாங்க" என்றாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை. அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜைவிசிறி, தரையில் ஆக்சிஜன் சிலிண்டர். மூன்று தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு தம்பி கிடந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"யாரு, நோட்டா?" என்றான்.

"நான்தாண்டா."

"தனியா வந்திருக்கியா... அதையும் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"அதுவும் வந்திருக்கு." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிரித்தார். கிழிந்த இடத்தில் விரல் வைத்தார். "இது கல்லு இல்லடா. உடையுது. நூத்தி ஒண்ணு, நூத்திப் பதிமூணு."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. நூறு தடவை. அதோட ஒரு தடவை. பிறகு சிரித்தான், சிரிப்பு இருமலாகி, மனைவி ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

"ஏண்ணே," என்றான் மூச்சு திரும்பியதும், "நூறையும் ஒண்ணையும் கூட்ட... பதினேழு வருஷமா ஆச்சு உனக்கு?"

அவர் நோட்டை மூடிக் கால்மாட்டில் வைத்தார்.

"அந்தம்மா கையில தையல் கூடை இருந்துச்சாம். நான் பார்க்கல, சொன்னாங்க. ஆனா தினம் அந்தக் கூடை எனக்குக் கண்ணுல வரும். மூட்டை எண்ணிட்டே இருப்பேன். நடுவுல கூடை வந்துரும். மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்."

"நான் அந்த ரெண்டு சக்கரத்தையும் வெட்டறேன். வெட்டிக் கொண்டாந்து உன் கையில குடுக்கறேன்."

"எனக்கு எதுக்கு? நான் என்ன கடிகாரமா?" கொஞ்ச நேரம் மூச்சை வாங்கினான். "நீ எங்க சொன்னியோ, அங்க போய்ச் சொல்லு. அந்த ரூம்ல. எல்லாரும் கேக்குற மாதிரி. எழுதி வாங்கிட்டு வா. எனக்குப் படிச்சுக் காட்டு."

"சரிடா."

"சீக்கிரம் வா. எனக்கு இன்னும் நிறைய சுத்து பாக்கி இல்ல."

நூற்றொரு துளைத் தட்டு கையில் இருந்தது. நூற்றுப் பதிமூன்றுக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். காகிதப் பட்டையைக் குறிக்க ஒரு நாள், துளை போட ஒரு நாள். அவசரம் கழுத்தில் உட்கார்ந்திருந்தாலும் கையை அவசரப்பட விடவில்லை. அவசரப்பட்டால் அது கடைசிப் பல்லில்தான் வந்து நிற்கும். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் வெட்டினார். காகித ஆலைச் சக்கரம் ஒரு பல் குறையாக மேசை மூலையில் காத்திருந்தது. ஆலையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மனைவி எடுத்து, "அவருக்குப் பல்லு வலி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு சக்கரத்திலும் கடைசிப் பல் மற்றப் பல்லோடு பல்லாகப் பிறந்தது. எது கடைசி என்று அவருக்கே தெரியவில்லை. இழுப்பறையைத் திறந்தார். முக்கோண அச்சு துருப்பிடித்திருந்தது. தேய்த்துத் துடைத்து, இரண்டு சக்கரத்தின் முகத்திலும் ஒவ்வொரு அடி. வெட்டியது இவர்தான். ஆனால் வட்ட அச்சைக் கையிலேயே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து தம்பி கண் திறக்கவில்லை என்று மனைவி வந்து சொன்னாள். மூச்சு மட்டும் வந்து போகிறதாம்.

திங்கட்கிழமை காலை, துணியில் சுற்றிய சக்கரங்களோடு படகுத் துறைக்குப் போனார். அதே அறை. சுவருக்கு வேறு வண்ணம். ஜன்னலோர நாற்காலியில் யாரும் இல்லை. கடிகாரம் அதே இடத்தில் தொங்கியது. அதன் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்று, தலை நரைத்த ஊழியர் முள்ளைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். அன்றைக்கு "யாரும் சொல்லலீங்க" என்றவர். துறையில் இப்போது அவருக்கு முள்ளுக்காரர் என்றே பெயர்.

"வாங்க பல்லுக்காரரே. என்ன, பல்லு ஆடுதா?"

"ஆடுறது உங்க கடிகாரத்துப் பல்லு. மாத்த வந்திருக்கேன்."

"அதுக்கென்ன இப்ப? நான் தள்ளறேன், அது ஓடுது. எனக்கும் திங்கக்கிழமை ஒரு வேலை வேண்டாமா?"

மேசைக்குப் பின்னால் இருந்த துறை அதிகாரி ஒரு பெண். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. என்ன விஷயம் என்று கேட்டார். பல்லுக்காரர் மேசைக்கு நேரே போகவில்லை. அன்றைக்குத் தான் நின்ற இடத்தைக் கண்ணால் அளந்து, அங்கே போய் நின்றார்.

"அம்மா, இந்தக் கடிகாரத்துக்கு 11,413னு ஒரு எண்ணு குடுத்தாங்க. அது உடையாதுன்னு சொல்லி வேற எண்ணை வெச்சேன். அது உடையும். உடையாதுன்னு என் நோட்டுல எழுதினது நான். உடையும்னு என் தம்பி சொன்னான், நான் கேக்கல. அப்புறம் ஒரு படகு தட்டி ஒரு அம்மா செத்துட்டாங்க. இதே ரூம்ல நின்னு, எண்ணு மேல தப்பு இல்ல, ஆளு மேலதான்னு சொன்னேன். எண்ணு மேலதாம்மா தப்பு. எழுதின என் மேலதான். என் தம்பி மேல இல்ல."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் படகு, எந்த வருஷம் என்று கேட்டார். அலமாரியில் தேடிக் கோப்பை எடுத்தார். நாலே காகிதம். கடைசிக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"ஐயா, இது முடிஞ்சுபோன கோப்பு. இதுல என்னால கை வைக்க முடியாது."

"தெரியும்மா. ஆனா எழுத்துல ஒண்ணு வேணும். அவன் கேட்டிருக்கான். நேரமில்ல."

அவர் குரலில் என்ன இருந்ததோ, அதிகாரி ரசீதுப் புத்தகத்தை இழுத்தார். "சக்கரம் ரெண்டும் பெற்றுக்கொண்டதுன்னு ரசீது போடலாம். இதுல மாற்றியதற்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க சொன்னதை அதுல எழுதறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

எழுத ஆரம்பித்தார். முள்ளுக்காரர் இன்னும் ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கடிகாரத்தின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"அம்மா," என்றார் அங்கிருந்தபடியே. "இன்னொரு வரியும் சேர்த்துக்குங்க."

அதிகாரி நிமிர்ந்தார்.

"அவரு சொன்னாரு. மாட்டின அன்னைக்கே சொன்னாரு. வாரம் நாலரை நிமிஷம், திங்கக்கிழமை தள்ளிடுங்கண்ணேன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எதைச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே சொல்ற ஆளா, விளையாட்டுன்னு விட்டுட்டேன். அப்புறம் வேலை போயிருமோன்னு பயந்துட்டேன்." மிச்சத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அதுக்கப்புறம் ஒரு திங்கக்கிழமை தவறினதில்லம்மா. காய்ச்சல்லகூட வந்து தள்ளியிருக்கேன்."

பல்லுக்காரர் அவரைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு இந்த அறையில் பொய் சொன்னவர் ஒருவர், அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்தவர் ஒருவர். யார் யாரைக் கேட்பது?

அதிகாரி அந்த வரியையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். சொன்னவர் என்று முள்ளுக்காரரும், கொடுத்தவர் என்று பல்லுக்காரரும் போட்டார்கள். பல்லுக்காரர் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பை லேசாக அதிர்ந்தது; உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துவிடும், சக்கரங்களைக் கொடுத்து முடிக்காமல் அதைத் தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை.

மேசை மேல் துணியைப் பிரித்தார். முள்ளுக்காரர் ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கி வந்து, உள்ளங்கை இரண்டையும் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். பல்லுக்காரர் சின்னச் சக்கரத்தை ஒரு கையிலும் பெரியதை மற்றக் கையிலும் வைத்தார். கனம் தாங்கி அந்தக் கைகள் கொஞ்சம் தாழ்ந்தன. முள்ளுக்காரரின் கட்டைவிரல் பித்தளை முகத்தில் தடவிப் போய், முக்கோணத்தின் மேல் நின்றது.